அடித்தவர், அடி வாங்கியவர்

மூன்றாவது அடியில் புளிய விளார் ஒடிந்துபோனது. ஒடிந்த துண்டு பறந்து முதல் பெஞ்சில் சொர்ணலட்சுமியின் மடியில் விழ, அவள் அதைப் பதவிசாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். பத்திரகாளி நீட்டிய கையை மடக்கவில்லை. விடிகாலையிலிருந்து தீப்பெட்டி ஒட்டிவிட்டு அப்படியே ஓடிவந்த கை. பசை காய்ந்து விரல்களில் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"மணியடிச்சது கேக்கலையாட்டி?"

"கேட்டுச்சு டீச்சர். ஒரு கட்டு பாக்கி கெடந்துச்சு."

"போய் உக்காரு."

பொன்னுத்தங்கம் டீச்சரைப் பொல்லாதவள் என்று சொன்னால் பாவம். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நாரணாபுரம் ரோட்டில் பட்டாசு முதலாளிகள் நாலு பேர் சேர்ந்து நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் அது. எட்டாம் வகுப்பு அவள் பொறுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். மற்ற டீச்சர்கள் புத்தகத்தை வாசித்து, எழுதச் சொல்லிவிட்டு, நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார்கள். இவளுக்கு மட்டும் பிள்ளைகளின் மூளையைக் கொஞ்சமாவது கிளறிவிட வேண்டும் என்று ஒரு வெறி. அந்த வெறிதான் இத்தனைக்கும் காரணம்.

அறுபத்தொன்றாம் வருஷத்துப் புரட்டாசி. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அன்றைக்குச் சமூகப் பாடம். 'சட்டத்தின் முன் எல்லாரும் சமம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று கேட்டதற்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் இன்னொரு விளார் ஒடித்துவரச் சொல்லியிருப்பாள். என்னவோ, அந்தச் சிரிப்பில் நியாயம் இருப்பதாக அவளுக்கே பட்டுவிட்டது.

"சரி, சமமா இல்லையான்னு நாமளே பாத்துருவோம். ஒரு வாரம் கண்ணைத் தொறந்து வச்சிருங்க. வீட்ல, தெருவுல, தீப்பெட்டி ஆபீஸ்ல, எங்கனன்னாலும் சரி. யாரு யாரை அடிச்சாக, என்ன காரணம் சொல்லி அடிச்சாக. அம்புட்டுதான். எழுதிட்டு வாங்க."

"பேரு போடணுமா டீச்சர்?" என்றாள் சொர்ணலட்சுமி. பட்டாசு முதலாளி சீனிச்சாமியின் ஒரே மகள், வகுப்பில் முதல். தேதி போடச் சொன்னால் கிழமையும் சேர்த்துப் போடுகிற பிள்ளை.

"போடு."

"ஒங்க வீட்ல டீச்சர்?" பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது."

பெருமையாகத்தான் சொன்னாள். அவள் புருஷன் பலவேசம், சீனிச்சாமியின் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். கலியாணமாகி ஆறு வருஷம். வயிறு திறக்கவில்லை என்று மாமியார் ஓயாமல் கரித்துக்கொட்டினாலும், அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அந்த ஊரில் எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?

தாளுக்குப் பஞ்சமில்லை. அச்சாபீஸ் வாசல்களில் கலர் விலகிப்போன லேபிள் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் தாமரையில் லட்சுமி உட்கார்ந்திருப்பாள், உதட்டுச் சிவப்பு மட்டும் தாடைக்கு இறங்கியிருக்கும். மறுபக்கம் வெள்ளை. ஊர்ப் பிள்ளைகளின் படிப்பெல்லாம் அந்த வெள்ளையில்தான்.

அடுத்த வியாழக்கிழமை கரும்பலகையை நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் 'அடித்தவர்' என்றும் வலது பக்கம் 'அடி வாங்கியவர்' என்றும் எழுதினாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து வாசித்தார்கள். முதலில் ஒரே சிரிப்பு. எங்கய்யா, எங்காத்தாவை, காரணம் சோறு குழைஞ்சுபோச்சு. எங்கண்ணன், என்னை, காரணம் அவன் சட்டையைத் தொவைக்கல. தீப்பெட்டி ஆபீஸ் கங்காணி, பக்கத்துல இருந்த பிள்ளையை, காரணம் பேசுச்சு. பண்ணையார் மகன் செல்லப்பாண்டி, மாடு மேய்க்கிற ஒச்சப்பனை, காரணம் எதுக்க வரும்போது தோள்ல கெடந்த துண்டை எடுக்கல.

"செல்லப்பாண்டிக்கு எத்தனை வயசு?"

"பத்து டீச்சர்."

"ஒச்சப்பனுக்கு?"

"எங்க தாத்தா சோட்டு ஆளு."

சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. இருபதாவது தாள் முடிவதற்குள் வலது பக்கம் நிறைந்துவிட்டது. எல்லாம் பொம்பளைகள், பிள்ளைகள், கீழத்தெரு ஆட்கள்.

"இந்தப் பக்கத்து ஆளு யாராவது அந்தப் பக்கத்து ஆளைத் திருப்பி அடிச்சதை யாரும் பாத்தீகளா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாக எழுந்து, "எங்காத்தா என்னைய அடிப்பாக டீச்சர்" என்றாள்.

"அப்ப ஒங்காத்தா பேரு ரெண்டு பக்கமும் வருது. ஒன் பேரு?"

"ஒரு பக்கந்தான்."

"சரி, இந்தக் காரணமெல்லாம் யாரு சொன்னது? அடிச்சவுகளா, வாங்குனவுகளா?"

முப்பத்தொரு பிள்ளைகளும் தத்தம் தாளைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு பாடம் இப்படிப் பிள்ளைகள் உச்சியில் போய் இறங்கி அவள் கண்டதில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன் சாமர்த்தியத்தை நினைத்துத்தான் அந்தச் சிலிர்ப்பு, மறைப்பானேன்.

சொர்ணலட்சுமி எழுந்தாள். குரலைச் செருமிக்கொண்டு கணீரென்று வாசித்தாள்.

"நேத்து புதன்கிழமை, காலைல பத்தேகால் மணி. எங்கய்யா, மருந்து ரூம்ல ராக்காயியை. செருப்பால. மூஞ்சியில ரெண்டு, முதுகுல நாலு. காரணம், கால்ல மெட்டி போட்டிருந்துச்சு."

வெடிமருந்து கலக்கிற அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. உரசி ஒரு பொறி பறந்தால் போதும், பொறுக்கி எடுக்கச் சாம்பல்தான் மிஞ்சும். இது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்ற மனசு வராமல், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிற பொம்பளைகளும் உண்டு. அதனால் வகுப்பில் ஒன்றிரண்டு தலைகள் சரிதான் என்பதுபோல ஆடின. சொர்ணலட்சுமி முடிக்கவில்லை. எதையும் விட்டுவிட்டு எழுதுகிற பிள்ளையா அவள்?

"குறிப்பு. அப்ப எங்கய்யா இடுப்புல சாவிக்கொத்து கெடந்துச்சு. எல்லாம் இரும்புச் சாவி. பதினோரு சாவி."

ராக்காயி, பத்திரகாளியைப் பெற்றவள். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வீங்கிய முகத்துக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்ததே பத்திரகாளிதான். இப்போது அவள் பின் பெஞ்சிலிருந்து எழுந்து வழியாக வரவில்லை. பெஞ்சுகள் மேலேயே ஏறி, பிள்ளைகளின் கைகளையும் தாள்களையும் மிதித்துக்கொண்டு வந்தாள். சொர்ணலட்சுமியின் இரட்டைச் சடையைச் சேர்த்துப் பிடித்துத் தலையைத் திருப்பி, விட்டாள் ஒரு அறை. பெஞ்சு சாய்ந்தது. விழுந்தவளின் மேல் உட்கார்ந்து இன்னொன்று, இன்னொன்று. வாய் கிழிந்து ரத்தம் வெள்ளைத் தாவணியில் வழிந்தது. பத்திரகாளி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவுமில்லை. மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

டீச்சர் புது விளாரை எடுத்துக்கொண்டு ஓடினாள். கை பழகிய வேலை, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு பிள்ளைகள் சேர்ந்து பத்திரகாளியைப் பிய்த்தெடுத்தார்கள். அவள் தானாகவே இரண்டு கையையும் நீட்டினாள்.

"அடிங்க டீச்சர். அடிக்க முன்ன என் தாளை வாசிச்சிருங்க."

தாள் தரையில் கிடந்தது. டீச்சர் குனிந்து எடுத்தாள். 'வியாழன், டீச்சர் என்னை. விளார் ஒடிஞ்சுபோச்சு. வெள்ளி, டீச்சர் என்னை. செவ்வாய், டீச்சர் என்னை. காரணம் லேட்டு. புதன், சொர்ணலட்சுமி கார்ல லேட்டா வந்தா. வா கண்ணுன்னு கூப்பிட்டாக.'

காதுமடல் இரண்டும் சுட்டன. கூப்பிட்டது உண்மைதான். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததுகூட அவளுக்கு நினைவில்லை, அத்தனை சுலபமாக வந்திருக்கிறது. இடது பக்கத்தில் தன் பெயரை எழுதத்தான் சாக்பீஸை எடுத்தாள். கை எழவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க அப்படியே நின்றாள். அவள் ஆயுசில் அப்படி வெட்கப்பட்டதில்லை. விளாரை ஜன்னல் வழியே வெளியே போட்டுவிட்டு, சொர்ணலட்சுமியைத் தண்ணீர்ப் பானைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் சொர்ணலட்சுமி இரண்டு கன்னமும் வீங்கி வந்தாள். "இது பத்திரகாளி" என்று ஒரு கன்னத்தைக் காட்டினாள். "இது எங்கய்யா. சாவியப் பத்தி ஏன் எழுதுனன்னு கேட்டு."

அவள் பின்னாலேயே சாவிக்கொத்துச் சத்தம் வந்தது. சீனிச்சாமி பள்ளிக்கூடத்தின் செயலாளரும் கூட. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையில் புதுப் பிரம்பு ஒன்று வைத்திருந்தார். அழிக்காமல் கிடந்த கரும்பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார்.

"பாடம் நல்லா நடத்துதீகளாம்ல டீச்சர்."

அவர் பிரம்பை அவளிடம் நீட்டினார்.

"அந்தக் கழுதையக் கூப்பிட்டு முன்னால நிறுத்துங்க. பன்னெண்டு அடி. பெறகு ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சு வெளிய அனுப்பிருங்க. நான் இங்கனயே நிக்கேன்."

பத்திரகாளி தானே வந்து கையை நீட்டினாள். பேரை அடித்துவிட்டால் அவளுக்கு நாளை முதல் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தீப்பெட்டி ஆபீஸ்தான், அப்புறம் ஒரு கலியாணம், மருந்து ரூம், மெட்டி. டீச்சருக்கு அது கண் முன்னால் தெரிந்தது. பிரம்பை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"மாட்டேங்கய்யா."

"என்னது?"

"நேத்து வரைக்கும் அடிச்சிட்டேன். இனிமே முடியாது. பேரையும் அடிக்க மாட்டேன்."

சீனிச்சாமி சிரித்தார். "அடுத்தவன் பொஞ்சாதி மேல கை வைக்கிற பழக்கம் எனக்கில்ல." ராக்காயியும் அடுத்தவன் பொஞ்சாதிதான். அவள் அவர் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. வாசலைப் பார்த்து டிரைவரிடம், "ஸ்டோர்ல பலவேசம் இருப்பான், கூட்டிட்டு வா" என்றார்.

கால் மணி நேரமாயிற்று. பலவேசம் சட்டையெல்லாம் வெள்ளி மருந்துத் தூசியோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"பலவேசம், நான் சொன்னா ஒன் பொஞ்சாதிக்கு ஏற மாட்டேங்கு. நீ சொல்லு. சொல்லுத மாதிரி சொல்லு."

"தங்கம், ரெண்டு அடி அடிச்சிட்டுப் போயேன். என்ன கெட்டுப்போச்சு" என்றார் பலவேசம், கெஞ்சலாக.

"முடியாதுங்க."

சீனிச்சாமி சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியை மட்டும் தனியாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஸ்டோருக்கு வேற ஆளு பாத்துற வேண்டியதுதான் போல."

பலவேசம் விட்ட முதல் அறையில் அவள் கரும்பலகையில் போய் மோதினாள். பலகையின் விளிம்பு காதைக் கிழித்தது. அந்த மனிதருக்கு அடிக்கத் தெரியவில்லை, எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை. முடியைப் பிடித்துத் தூக்கி முகத்தில் அறைந்தார், கீழே விழுந்தவளை முதுகில் மிதித்தார். "சொன்னாக் கேக்க மாட்டியா, சொன்னாக் கேக்க மாட்டியா" என்று அழுதுகொண்டே மிதித்தார். ஆறு வருஷமாக நீளாத கை, ஒரு முதலாளி பார்க்க அப்படி நீண்டது. பல்லோ எதுவோ நாக்கில் தட்டுப்பட்டது அவளுக்கு. வலியைவிட, வீட்டில் அதெல்லாம் கிடையாது என்று இந்தப் பிள்ளைகளிடம் சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது.

பலவேசம் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பத்திரகாளி நீட்டிய கையை இன்னும் மடக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் டீச்சருடைய ரத்தம் ஒரு சொட்டுத் தெறித்திருந்தது.

அப்போது தாள் ஒன்று புரளும் சத்தம் கேட்டது. சொர்ணலட்சுமி பைக்குள்ளிருந்து லேபிள் தாளை எடுத்து, லட்சுமியைக் கவிழ்த்துப் போட்டு, தேதியும் கிழமையும் போட்டு, பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். வீங்கிய வாயால் வார்த்தை சரியாக வரவில்லை.

"அடிச்சவுகன்னு யாரைப் போட டீச்சர்? பலவேச மாமாவையா, எங்கய்யாவையா?"

பின் பெஞ்சில் இன்னொரு தாள் புரண்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. டீச்சர் மேஜைக்காலைப் பிடித்து எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, சாக்பீஸைத் தேடினாள். சீனிச்சாமியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய், சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.