மூன்றாவது வரிசை அதிரசம்

மைதானத்துக்குள் கால் வைத்ததுமே செண்பகவல்லி முகத்தைச் சுளித்துக்கொண்டாள். பாட்டுக் கேட்க வந்த கூட்டமா இது? சந்தைக்கு வந்த கூட்டம். ஒருவன் பாப்கார்னைத் தின்றுகொண்டே போனில் கத்தினான். ஒரு பெண் நாற்காலி மேல் ஏறி நின்று, பின்னால் வரும் சொந்தக்காரர்களுக்குத் துப்பட்டாவை ஆட்டிக் காட்டினாள். மேடையில் மைக் டெஸ்டிங்கே முடியவில்லை. அதற்குள் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். தொட்டியத்திலிருந்தும் துறையூரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறதுகள். இதுகளுக்கெல்லாம் எதற்குக் கோல்டு டிக்கெட் விற்கிறான் என்று கச்சேரி ஏற்பாடு செய்தவர்களையும் சேர்த்து மனசுக்குள் திட்டினாள்.

செண்பகவல்லி ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரி. கூட்டத்தோடு நின்று பழக்கமில்லாதவள். வைகுண்ட ஏகாதசிக்கே யாரையாவது பிடித்துப் பாஸ் வாங்கிக்கொண்டுதான் சேவிக்கப் போவாள். சேவித்துவிட்டு வெளியே வந்து, ஜனங்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

அவள் இந்தக் கூட்டத்துக்குள் வந்ததற்குக் காரணம் மகள் சுப்ரஜா. சினிமா இசையமைப்பாளர் ஒருவரின் கச்சேரி; கோரஸ் பாட திருச்சியிலேயே சில பெண்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் சுப்ரஜாவும் ஒருத்தி. அதோடு, ஒரு பாட்டின் ஆரம்பத்தில் வாத்தியம் எதுவும் சேராமல் வருகிற ஹம்மிங்கை அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும். போன வருஷம் ஒரு போட்டியில் மேடை ஏறி, வாயைத் திறந்து, சத்தமே வராமல் இறங்கி வந்த பெண் அவள். அதற்கப்புறம் இதுதான் முதல் மேடை.

"அம்மா, மூணாவது வரிசையில நடு வழியை ஒட்டின சேர்ல நீ உக்காந்துக்கோ. மேடையிலேர்ந்து அது தெரியறது, நான் பாத்துட்டேன். உன் மூஞ்சியைப் பாத்துண்டே பாடிடுவேன். வேற எங்கயும் போயிடாதே" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பெண் கேட்டது ஒரே ஒரு நாற்காலி. அதற்கு மேலே ஒரு வார்த்தை இல்லை. ஆனால் செண்பகவல்லிக்கு ஒன்று போதவில்லை. சென்னையிலிருந்து அவளுடைய ஓரகத்தி பத்மஜா, கணவரையும் மகன் ஹ்ருஷிகேஷையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தாள். போனில் சொன்னபோதே, கோரஸ்தானே என்று இழுத்தவள் பத்மஜா. அந்தப் பத்மஜாவை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துக் காட்டாவிட்டால் செண்பகவல்லிக்குத் தூக்கம் வராது. ஆகவே ஆறு நாற்காலி.

கோல்டு வகுப்பில் நம்பர் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம். துண்டு, பை, தண்ணீர் பாட்டில் வைத்து யாரும் இடம் பிடிக்கக் கூடாது என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வைத்த துண்டுகளை வாலண்டியர்கள் எடுத்து ஓரமாகப் போட்டபடி வந்தார்கள். செண்பகவல்லி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். துண்டு போடுவது பஸ் ஸ்டாண்டு ஜனங்களின் வேலை. அவளிடம் வேறு வழி இருந்தது.

பையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்தாள். கோயில் பிரசாதக் கடையில் வாங்கிய அதிரசம், மேலே ஒரு கொத்து துளசி. நாற்காலிக்கு ஒன்றாக வைத்தாள். பெருமாள் பிரசாதத்தை யார் எடுத்து எறிவான்? யார் அதன் மேல் உட்காருவான்? ஸ்ரீரங்கத்துச் சபாக்களில் இந்த உத்தி ஒரு நாளும் தோற்றதில்லை. பொட்டலத்தைப் பார்த்தவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். இங்கேயும் வாலண்டியர் ஒருவர் பொட்டலத்தருகே கையைக் கொண்டுபோய், துளசியைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார்.

பெண் கேட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்து, மற்றதைக் காவல் காத்தாள். போன் வந்தது. அவளை இறக்கிவிட்டுக் கார் நிறுத்தப் போன கணவர் ஸ்ரீனிவாசராகவன்தான் பேசினார். அண்ணா குடும்பம் காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு இப்போதுதான் வந்து சேர்ந்ததாம்; எல்லா டிக்கெட்டும் அவள் கைப்பையில் இருப்பதால் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்கிறார்களாம்.

செண்பகவல்லி எழுந்தாள். தன் நாற்காலியிலும் ஒரு பொட்டலத்தை வைத்தாள். கேட்டை நோக்கி நடந்தாள்.

வாசலில் பத்மஜா விசிறிக்கொண்டு நின்றாள். திருச்சியில் இவ்வளவு ஜனங்களா என்று கேட்டாள். திருச்சியை ஏதோ பட்டிக்காடு என்று நினைத்து வந்தது போல ஒரு குரல். செண்பகவல்லி எல்லாரையும் இடித்துப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். "மூணாவது வரிசை மன்னி, மேடை கைக்கு எட்டறாப்ல" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது வரிசையில் ஆறு நாற்காலியிலும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் அதிரசம் தின்றுகொண்டிருந்தார்கள்.

நடு வழியை ஒட்டிய நாற்காலியில், கனகாம்பரம் வைத்த ஒரு பெரிய அம்மாள், துளசியைக் கண்ணில் ஒற்றிக் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தாள். பெயர் அமிர்தம். பக்கத்தில் அவள் மகள் கலைமதி. மற்றவர்கள் தொட்டியத்தில் அவர்களோடு வாழை போடுகிற உறவுக்காரர்கள்.

இது கோல்டு டிக்கெட்காரர்கள் உட்காருகிற இடம் என்று செண்பகவல்லி ஆரம்பித்தாள். கலைமதி பேசாமல் தன் டிக்கெட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். அதுவும் கோல்டுதான்.

அமிர்தம் மகளை அதட்டிவிட்டு, விரலில் ஒட்டிய வெல்லத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. ரெங்கநாதர் பிரசாதமாம், வர்றவங்களுக்குன்னு சேர் சேருக்கு வச்சிருக்காங்க பாருங்க. டவுன்காரங்களுக்கு என்ன மனசு. உங்களுக்குக் கெடைக்கலையா? இந்தாங்க, பாதி இருக்கு."

"அது நான் வெச்சது" என்றாள் செண்பகவல்லி.

"நீங்கதானா அது? மகராசி, நீங்க நல்லா இருக்கணும்."

கலைமதி மெல்லச் சிரித்தாள். "யம்மா, அது நம்ம திங்கிறதுக்கு வச்சதில்ல. எடம் பிடிக்க வச்சது."

"வாயைக் கழுவுடி. பெருமாள் பிரசாதத்தை எவளாவது துண்டு மாதிரி உக்கார்ற எடத்துல போடுவாளா? இவங்களைப் பாத்தா அப்படியா தெரியுது?"

முன் வரிசையில் ரெண்டு தலைகள் திரும்பின. பின் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வாலண்டியர் வேறு நின்று வேடிக்கை பார்த்தார். செண்பகவல்லிக்குக் காது சூடானது. ஆமாம், துண்டு மாதிரிதான் போட்டேன் என்று சொல்ல முடியுமா?

"எல்லாருக்கும்னுதான் வெச்சேன்" என்றாள்.

அப்போதும் எல்லாம் கெட்டுப் போய்விடவில்லை. அமிர்தம் அவளை ஏற இறங்கப் பார்த்து, நிற்கச் சிரமப்படுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து நின்றுவிட்டாள். "நீங்க இங்க உக்காருங்கம்மா. நானும் கலைமதியும் ஒரு சேர்ல ஒண்டிக்கிறோம்."

அதே நாற்காலி. பெண் கேட்ட ஒரே ஒரு நாற்காலி. செண்பகவல்லி ஒரு அடி எடுத்தும் வைத்தாள்.

"நீ உக்காந்துக்கோ செண்பகா" என்றாள் பத்மஜா பின்னாலிருந்து. "நாங்க எங்கயாவது ஓரமா நின்னுக்கறோம். எங்களுக்குப் பழக்கமில்ல, இருந்தாலும் பரவாயில்ல."

அந்தக் குரல் போதும். வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள் செண்பகவல்லி. அதுகளோடு முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவதா, அதுவும் பத்மஜா பார்த்துக்கொண்டிருக்க? வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அமிர்தம் ரெண்டு தரம் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கோல்டு வகுப்பின் கடைசியில், ஸ்பீக்கர் கம்பத்துக்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கும் நடுவே நிற்க இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஆள் எல்லாப் பாட்டையும் அபசுரமாகக் கூடவே பாடினான். பத்மஜா காதைப் பொத்திக்கொண்டாள். மருமகள் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். இதில் எது சுப்ரஜா என்று பெரிய மைத்துனர் கேட்டார். முன்னால் தூக்கிப் பிடித்த போன்களுக்கு நடுவே கோரஸ் பெண்கள் நீலப் புடவைப் பொட்டுகளாகத் தெரிந்தார்கள். செண்பகவல்லி தன் போனை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி, பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒருவன், கையை இறக்குங்கம்மா, நாங்க காசு குடுத்து வரலையா என்றான்.

விளக்குகள் அணைந்தன. ஒரே ஒரு வெளிச்சம் சுப்ரஜா மேல் விழுந்தது. மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் அவள் முகம் வந்தது. அவள் கண் மூன்றாவது வரிசைக்குப் போனதும், அங்கேயே தடுமாறி நின்றதும் எல்லாருக்கும் தெரிந்தது. அதன் அர்த்தம் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. சுப்ரஜா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கூட்டத்தில் விசில் அடித்தார்கள்.

இங்கே இருக்கிறேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது செண்பகவல்லிக்கு. இவ்வளவு பேர் நடுவில் எப்படிக் கத்துவது?

கேமரா, அந்தப் பெண் யாரைப் பார்க்கிறாள் என்று தேடி, திரும்பியது. திரையில் அமிர்தம் வந்தாள். மேடையிலிருந்து ஒரு பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்திருந்தாள். காரணம் கேட்கவில்லை. பாதி எழுந்து, உள்ளங்கையை நீட்டி, பாடு தாயி என்பது போலத் தலையை ஆட்டினாள். வாயோரத்தில் அதிரசத் துணுக்கு.

சுப்ரஜா பாடினாள். முதல் ஸ்வரம் கொஞ்சம் நடுங்கியது. அப்புறம் நிமிர்ந்து போனது. விசில் நின்றது. பக்கத்து அபசுரக்காரன்கூட வாயை மூடினான். நன்றாகத்தான் பாடுகிறாள் என்றாள் பத்மஜா, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே.

முடிந்ததும் கேட்டருகே சுப்ரஜா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "உன்னைக் காணலைன்னதும் தொண்டை அடைச்சுடுத்தும்மா. அந்த மாமி கையைக் காட்டினா பாரு, அதுலதான் பாடினேன். நீதான் அவாகிட்டச் சொல்லி உக்காத்தி வெச்சியா?"

பத்மஜா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆமாண்டி" என்றாள் செண்பகவல்லி. "நான்தான் சொன்னேன். அவா பாவம், ஆசைப்பட்டா. என் சேரை விட்டுக் குடுத்துட்டேன்."

தொட்டியத்து வேனைத் தேடி அந்தப் பக்கம் வந்த அமிர்தம், சுப்ரஜாவைக் கண்டதும் நின்று, ரெண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரலை மடக்கித் திருஷ்டி கழித்தாள். பக்கத்தில் செண்பகவல்லியைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"இவங்க உங்க அம்மாவா? ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. நான் எந்திரிச்சு எடம் குடுத்து ரெண்டு தரம் கூப்பிட்டேன், வேணாம்னு போயிட்டாங்க. பெத்த பொண்ணு பாடப் போவுதுன்னு தெரிஞ்சிருந்தா கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிருப்பேனே."

வேன் ஹாரன் அடித்தது. போயிட்டு வரேன் என்று சொல்லி அமிர்தம் போய்விட்டாள். பத்மஜா குடும்பம் ஹோட்டலுக்குக் கிளம்பியது. போகும்போது பத்மஜாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஸ்ரீனிவாசராகவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும், சுப்ரஜா முன் கதவைத் திறந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாலம் தாண்டி வீடு வரும் வரைக்கும் திரும்பவில்லை.

பின் சீட் முழுவதும் செண்பகவல்லிக்கே இருந்தது.