மாப்பிள்ளை மாட்டின ஃபேன்

மாமனார் கம்ப்யூட்டருக்குப் புது ஃபேன் வந்தபோது, "நான் எதுக்கு மாமா இருக்கேன்?" என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்தது மாப்பிள்ளைதான். ஃபேனுக்கு இரண்டு பிளக் இருந்தன. சின்னதைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டில் செருகினால் சூட்டுக்குத் தக்கபடி வேகம் கூடும், குறையும். அதற்கு இடம் தேடப் பொறுமையில்லாமல், பெரிய பிளக்கை நேரே பவர் சப்ளையில் குத்திவிட்டார். ஃபேன் முழு வேகத்தில் ஹோவென்று கத்தியது. "புதுசுல அப்படித்தான், போகப்போக அடங்கிடும்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு வருஷம் கழித்து இப்போது வந்து பார்த்தால், அது இன்னும் மிக்ஸி மாதிரி அலறுகிறது. அந்த அறையிலிருந்த மாமனாரின் கட்டில் ஹாலுக்குக் குடிபோயிருந்தது. பெண் கொடுத்த வீடாயிற்றே, போனில்கூட யாரும் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பெரிய பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சின்ன பிளக்கை மதர்போர்டில் செருகினார். இரண்டு நிமிஷ வேலை. அறை கப்சிப் என்று அடங்கியது.

"சத்தம் போயிடுச்சு மாமா. தப்பு என்னோடதுதான்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

மாமனார் பதறிப்போய்க் காதிலிருந்த பஞ்சை உருவிக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

"சத்தமா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே மாப்பிள்ளை!"