விளக்கு வரைந்த அட்டை

என் படத்தை அட்டையில் ஒட்டி என்னை உயிரோடு சாகடித்தவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள்தாம். நல்ல எண்ணத்தில் செய்தார்கள், அதுதான் கொடுமை.

1991 ஜூலையில், சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கப் போய்க் காலை முறித்துக்கொண்டேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாவுக்கட்டு பிரித்த பிறகும் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. "படிச்சது போதும். பஸ்ஸே வோணாம் உனக்கு" என்று முடித்துவிட்டாள். சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா செங்கமலம் அசைகிற ஆளில்லை. அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் போனால் படிப்பே போச்சு.

எங்கள் வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினோம். ஒரே ஒரு பிரதிதான். எழுதி, தைத்து, அட்டையில் ஒரு போட்டோ ஒட்டி, கை மாற்றிக் கை மாற்றிப் படிப்போம். இந்த முறை அட்டைக்கு யார் படம் என்று பேச்சு வந்ததும், எடிட்டர் கங்கா "எழிலரசி படந்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டாளாம். பரீட்சை விண்ணப்பத்துக்கு நான் எடுத்த போட்டோவை ஸ்டுடியோவில் பெரிது பண்ணி வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கா, ரூத், படம் வரைகிற அமலன் மூவரும் அதை ஒட்டிய அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வாங்கிப் பார்த்தேன். நடுவில் விறைத்த முகத்தோடு நான். சுற்றிலும் கறுப்பு மையில் பூ வளையம். கீழே எரிகிற விளக்கு. அதற்கும் கீழே, 'எங்கள் நெஞ்சில் என்றும் எழிலரசி'.

மே மாதம் தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றதிலிருந்து எங்கள் பக்கத்துச் சுவரெல்லாம் அஞ்சலி போஸ்டர். இதுகளுக்குக் கண் எங்கே போனது?

"இன்னாடா இது?" என்று அமலனைக் கேட்டேன்.

"எங்க மாமா பிரஸ்ல பாத்து வரைஞ்சேன், அங்க ரெண்டு பார்டர்தான் கீது. ஒண்ணு கல்யாணத்துக்கு. அதுல வாழமரம் நிக்குது, உனக்கு எப்டி போடறது?"

"வெளக்கு?"

"அது கல்வி வெளக்கு."

ரூத் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் அம்மா டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்த அட்டையைப் புரிந்துகொள்ள எழுத்து எதற்கு? டம்ளர்களை அப்படியே தரையில் வைத்தாள்.

"உசுரோட கீற பொண்ணுக்கு வெளக்கு வெச்சிட்டீங்களே" என்று உட்கார்ந்து அழுதாள். "இதுக்குத்தான் நான் இவள வெளிய வுடாம வெச்சினுகீறேன்."

தொலைந்தது. இனிப் பள்ளிக்கூடம் கனவிலும் கிடையாது. கால் சரியாக இருந்திருந்தால் அமலனை அங்கேயே நாலு சாத்தியிருப்பேன்.

கங்கா பதறிப்போய்ப் பையைக் கவிழ்த்தாள். "வேற போட்டோ கீதும்மா, நீங்களே ஒண்ணு எடுங்க." வல்லக்கோட்டைக் கோயில் கோபுரம் ஒன்று. வகுப்பே வரிசையாக நிற்கிற குரூப் போட்டோ ஒன்று, போன மாதம் எடுத்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குரூப் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல எம் பொண்ணு எங்க?"

"அவதான் வரலியேம்மா" என்றாள் கங்கா.

"இந்தப் பொண்ணு பக்கத்துல இன்னா எடம் வுட்டுக்கீது?"

ரூத் தலை குனிந்துகொண்டாள். கங்காதான் சொன்னாள். "அது எழில் நிக்கிற எடம்மா. போட்டோக்காரரு நெருங்கி நில்லு, நெருங்கி நில்லுன்னு கத்தறாரு, இவ நவுரவே இல்ல."

எனக்கே இது தெரியாது. ரூத் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கா மெல்லப் பசையை எடுத்தாள். "இதையே ஒட்டிடட்டுமாம்மா?"

"ஒட்டாத" என்றாள் அம்மா. "நாளைக்கி இவ வருவா. இங்க நிக்க வெச்சி வேற எடுங்க." பிறகு ரூத்தைப் பார்த்தாள். "பஸ்ஸ வுட்டு எறங்கறப்ப இவ கைய நீ புடிச்சிக்கோ."

ஆறிப்போன டீயை எடுத்து ஒவ்வொருவருக்காய்க் கொடுத்தாள். அமலனிடம் மட்டும் டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீ மறுபடி வெளக்கு கிளக்கு வரைஞ்ச, கைய ஒடிச்சிடுவேன்."