ஸ்டீரியோவுக்கு ஒரு எரிச்சல்காரர்

கரட்டூரில் மினி பஸ் ஸ்டீரியோவை யாரும் பேட்டரியில் இணைப்பதில்லை. பேட்டரி இறங்கிவிடும். வண்டியில் வருகிறவர்களில் ரொம்பவும் எரிச்சலான ஆள் யாரோ, அவருடைய சட்டைக் காலரில் சிவப்பு ஒயரின் கிளிப்பை மாட்டிவிடுவார்கள். கறுப்பு ஒயர் வழக்கம்போல வண்டியின் பாடிக்குப் போகும். எரிச்சல் இருக்கும் வரை பாட்டு பாடும்.

சன்னாசிக்கு இது தெரியாமல் இல்லை. புது வண்டி வாங்கிய ஜோரில், ஆள் எதற்கு என்று நேராகப் பேட்டரியிலேயே கொடுத்தான். சாவியைக் கழற்றிய பிறகும் ஸ்டீரியோ உறிஞ்சிக்கொண்டே இருந்ததில், ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டில் வண்டி முனகக்கூட இல்லை. ஏறி உட்கார்ந்திருந்த சனம் இறங்கித் தள்ளியது. தள்ளி முடித்த கையோடு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்த அடுத்த மினி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.

“பேட்டரி வண்டி ஸ்டார்ட் ஆகுறதுக்குண்ணே. பாட்டுக்குத்தான் மனுசன் இருக்கான்ல” என்று எலக்ட்ரீசியன் லாசர் ஒயரைப் பிடுங்கி, நுனியில் கிளிப் வைத்துக் கொடுத்தான்.

ஆளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் பவுன்ராஜ், சன்னாசியின் மனைவி அழகுத்தாயின் தம்பி. வயது ஏறியும் பெண் அமையாதவன். சில்லறை தராவிட்டால் எரிச்சல். தந்தால், இம்புட்டுச் சில்லறையை எவன் சுமக்கிறது என்று எரிச்சல். அவன் புண்ணியத்தில் வண்டி பாடிய பாட்டைக் கேட்பதற்காகவே ஜனங்கள் முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

அப்புறம் அவனுக்குப் பெண் அமைந்தது. அன்றோடு ஸ்டீரியோ வாயை மூடிக்கொண்டது. லாசர் கிளிப்பைக் காலரில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தான். பவுன்ராஜ் கூச்சத்தோடு சிரித்தான்.

அதுகூடப் பரவாயில்லை. மாப்பிள்ளை வீட்டார் இதே வண்டியில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் பாட்டில்லாமல் வரும் வண்டி சாவு வண்டி. பெண்ணின் அப்பா சின்னக்காளை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியனுப்பியிருந்தார்: “வண்டி பாடாம வந்தா வந்த வழியே திரும்பிரட்டும். என் பொண்ணு இறங்கி வரமாட்டா.”

கல்யாண வீட்டில் முறுக்கிக்கொள்ள நாலு பேர் இல்லாமலா போய்விடுவார்கள் என்று சன்னாசி தைரியமாக இருந்தான். காலையில் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தபோதுதான் கணக்குத் தப்பியது தெரிந்தது. அழகுத்தாய் ஒரு வீடு விடாமல் படியேறி, வெற்றிலை பாக்கு வைத்து, முறையாக அழைத்திருந்தாள். ஒருவர் முகத்திலும் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒச்சப்பன்கூட முன் சீட்டில் புதுத் துண்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் கோபித்துக்கொண்டு போகாத கல்யாணம் கிடையாது. ரசத்துக்கு முன்னால் மோரை ஊற்றிவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர்.

சன்னாசி அவரைப் பின் சக்கரத்து மேல் சீட்டுக்குப் போகச் சொன்னான். போனார். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அவரை மட்டும் விட்டுவிட்டார்கள். கடைசியில் அவருடைய புதுத் துண்டை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

“இருக்கட்டும் மாப்ள. நம்ம வீட்டு விசேசம்” என்றார்.

சன்னாசிக்கு மண்டை காய்ந்தது. புதுத் துண்டை அழுக்காக்கியும் கோபப்படாத மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேண்டாத நாளில் எல்லாம் குதித்தவர், வேண்டிய நாளில் மகானாகிவிட்டார். வண்டியை எடுத்தான். கியரை அடித்து மாற்றினான். குறுக்கே வந்த ஆட்டைத் திட்டினான், ஆட்டுக்காரனைத் திட்டினான், ஒன்றும் செய்யாத மைல் கல்லைத் திட்டினான். லாசர் எழுந்து வந்து கிளிப்பை அவன் காலரில் மாட்டினான். வண்டி அதிரப் பாட்டுக் கிளம்பியது.

பாட்டைக் கேட்டதும் சன்னாசிக்கு நிம்மதியாயிற்று. உடனே பாடகரின் குரல் இழுத்துக்கொண்டு கீழே போனது. அழகுத்தாய் எழுந்து அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, கேஸை ஆஃப் பண்ணீங்களா?”

குரல் தேறியது.

“பின் கதவைப் பூட்டுனீங்களா? இழுத்துப் பாத்தீங்களா?”

பாட்டுக் குறையாமல் மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னக்காளை மாலையோடு எதிரே வந்து மாப்பிள்ளையை இறக்கினார். பெண் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். ஒச்சப்பன் கடைசியாக இறங்கி, டிரைவர் சீட்டைக் கடக்கும்போது சன்னாசியின் காலரைப் பார்த்தார்.

“கல்யாண வண்டியில கிளிப்பு தாய்மாமனுக்குள்ள முறை மாப்ள” என்றார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“இம்புட்டு நேரம் அதுக்குத்தானய்யா உங்களைப் பந்தாடுனேன்” என்றான் சன்னாசி.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தார். பாட்டும் அவரோடு போனது. ஸ்டீரியோ நின்றது, மண்டபத்து ரேடியோ செட் நின்றது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதினார்; சத்தம் ரோட்டில் ஒச்சப்பன் முதுகிலிருந்து வந்தது. தவில்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு, நிறுத்திய பிறகும் தன் அடி அங்கே விழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மேளமில்லாமல் தாலி கட்ட முடியாது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. சின்னக்காளை பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டியில் ஏற்றினார். மற்றவர்களும் ஏறினார்கள். இந்த மனுசனுக்குக் கோபம் வருவதற்கு ஒரு நேரம் காலமே கிடையாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சன்னாசி முதல் கியரில் அவருக்குப் பின்னால் உருட்டினான். மாவு மில் தாண்டும்போது ஒச்சப்பனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிக் கெட்டிமேளம் முழங்கியது. பவுன்ராஜ் தாலியைக் கட்டினான்.

அழகுத்தாய் இறங்கி ஓடி அவர் கையில் ஒரு பிடி அட்சதையை வைத்துவிட்டு வந்தாள். அவர் நிற்கவில்லை, திரும்பவுமில்லை. நடந்தபடியே அதைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசினார். கண்ணாடி முழுக்க அரிசி விழுந்தது. சன்னாசி வைப்பரைப் போட்டான்.