உடையாத பீரங்கி

"எப்படி உடைஞ்சது?"

"பூனை தள்ளி விட்டுடுச்சு."

"பொல்லாத பூனையா இருக்கே!"

"ஆமாங்க. சொன்ன பேச்சே கேக்காது."

பல் டாக்டர் முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று நடந்த இந்தப் பேச்சை டாங்க்காரன் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்காத நாளில்லை. குட்டி ராணுவ வண்டிகளைப் பழுதுபார்ப்பவனுக்குத் தெருவில் அதுதான் பெயர். அவள் கொண்டுவந்தது ஈயத்தில் வார்த்த ஒரு டாங்க். பீரங்கி தனியாக, உடல் தனியாக.

முறைப்படி என்றால் இரண்டு துண்டிலும் தலைமுடி கனத்தில் துளை போட்டு, உள்ளே எஃகுக் கம்பி செருகி ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் ஜென்மத்துக்கும் உடையாது. உடையாவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்? காகிதம் ஒட்டும் பசையில் தண்ணீர் கலந்து ஒட்டினான். மேலே பூசிய பச்சையிலும், சக்கரத்தில் தீட்டிய போலிச் சேற்றிலும் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

பூனையும் கைவிடவில்லை. மாதம் தவறாமல் தள்ளிவிட்டது. மாதம் தவறாமல் அவனும் கேட்க நினைத்ததைத் தொண்டைவரை கொண்டுவந்து, "பெயின்ட் காயட்டும், தொடாதீங்க" என்று சொல்லி விழுங்கினான்.

"ஏண்டா, சண்டையே முடிஞ்சு போயிருக்கும், இந்த டாங்க் இன்னும் ஆஸ்பத்திரியிலயே கிடக்கு. வாயைத் திறந்து கேட்டுத் தொலையேன்!" என்று கடையைக் கூட இருந்து நடத்தும் அக்கா பொரிந்து தள்ளினாள். போன தடவை அவன் பெயின்ட் வாங்கப் போன நேரம் பார்த்து, தம்பியின் தொழில் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவளே கம்பி செருகி ஒட்டிக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம் பல் டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. டாங்க்காரன் அக்காவோடு பேச்சை நிறுத்தினான். பல்வலியாவது வராதா என்று ஐஸ் கட்டியைக் கடித்துப் பார்த்தான். பாழாய்ப்போன பல் கல்லு மாதிரி இருந்தது.

ஒரு நாள் கதவு படாரென்று திறந்தது. பல் டாக்டர் டாங்க்கை மேசைமேல் வைத்தாள். பீரங்கி யானைத் துதிக்கை போல வளைந்திருந்தது. உடையவில்லை.

"என்னத்தைங்க போட்டு ஒட்டினீங்க? சுத்தியால அடிச்சும் உடைய மாட்டேங்குது!"

சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா பெயின்ட் டப்பாக்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்போ... பூனை?" என்றான் டாங்க்காரன்.

"பூனையே இல்லைங்க. பூனை பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல் வரும்."

இத்தனை மாதமாய்த் தொண்டையில் நின்றிருந்தது, இந்த முறை உள்ளே போக மறுத்தது.

"டாக்டர்... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"