கெசையாவின் பெயருக்கு ஒரு வரி இடம்

1

இந்தக் கதை என் கைக்கு வந்தது உருளைக்கிழங்கு சாலட் வழியாகத்தான். ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், எங்கள் மாவட்டத்தில், குடும்பம் குடும்பமாகப் பூங்காவில் கூடுவார்கள். பக்கத்து வீட்டு லொரெட்டா என்னையும் அழைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அவருக்கும் தம்பி டுவேனுக்கும் சண்டை மூண்டது. புயலில் மரம் விழுந்து, அவர்கள் தாத்தாவின் தாத்தா அமோஸின் கல்லறைக் கல் உடைந்திருந்தது. புதுக் கல் தயாராகிக்கொண்டிருந்தது. அமோஸின் பெயருக்குக் கீழே, பக்கத்திலேயே புதைக்கப்பட்ட அவர் மனைவி கெசையாவின் பெயரையும் வெட்ட வேண்டும் என்றார் லொரெட்டா. பழைய கல்லில் அந்தப் பெயர் கிடையாது.

“புருஷன் செத்த கையோட பெத்த பொண்ணை அடுத்தவன்கிட்ட தள்ளிட்டு, வேற கல்யாணம் கட்டிக்கிட்டவ அவ, அக்கா,” என்றார் டுவேன். “அவ பேரை எதுக்குப் போடணும்?”

லொரெட்டா தட்டைக் கீழே வைத்தார். அவரும் முதல் கணவர் இறந்து ஒரு வருடம் முடிவதற்குள் மறுமணம் செய்துகொண்டவர். அந்தக் கல்யாணத்துக்கு டுவேன் வரவில்லை.

நான் எழுதும் வாரப் பத்திரிகைக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. (எழுதுகிறவன் சண்டைக்கு நடுவிலும் இன்னொரு கரண்டி சாலட் போட்டுக்கொள்வான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “1871. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அழும் மகளின் கையை உதறிவிட்டு கெசையா குதிரை வண்டியில் ஏறி—”

நிறுத்திவிட்டேன். மழை பெய்ததென்று எனக்கு யார் சொன்னது? மகள் அழுததாகத்தான் யார் சொன்னது? குடும்பத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அமோஸ் இறந்ததும், ஏழு வயது மகள் மஹாலாவுக்குச் சித்தப்பா ஆசாவை நீதிமன்றம் கார்டியனாக, அதாவது பாதுகாவலராக, நியமித்தது. பின்னால் குடும்பத்தில் யாரோ போய் அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ‘அம்மா வளர்த்திருந்தா கார்டியன் எதுக்கு?’ என்று கேட்டார்கள். கேள்வியே தீர்ப்பாகிவிட்டது. மஹாலா முதல் பிரசவத்திலேயே, பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டதால், மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

3

டுவேனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். வாரப் பத்திரிகைக்கு வில்லன் வேண்டும் என்று அவரைத்தான் ஆக்கிவைத்திருந்தேன். ஆனால் லொரெட்டாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, பழைய தாள்களைப் பார்க்க அவரையும் என்னையும் நீதிமன்றத்துக்கு ஏற்றிப்போனவர் யார்? இதே டுவேன். “நீ தோக்குறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்ல,” என்றார். அக்காவுக்குப் பிடித்த ஹாம் சாண்ட்விச்சையும் கட்டி எடுத்து வந்திருந்தார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது?

4

நீதிமன்றத்தின் நிலவறை. அமோஸின் வாரிசு வழக்குத் தாள்கள் மூன்றாக மடித்து, நிறம்போன நாடாவால் கட்டி வந்தன. எடுத்துக் கொடுத்த பெண் விஷயத்தை எளிதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் தகப்பன் இறந்தால் பிள்ளையின் பங்கு நிலத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஓர் ஆண்மகனைத்தான் நியமிக்கும். தாய் உயிரோடிருந்தாலும் அப்படித்தான். பிள்ளை பெரும்பாலும் தாயோடுதான் உண்டு உறங்கும்.

“பெரும்பாலும்,” என்று அழுத்தினார் டுவேன். “எங்க வீட்டுல அப்படித்தான் நடந்துச்சுன்னு எங்க இருக்கு?”

(நியாயமான கேள்வி. இதை நான் கேட்டிருக்க வேண்டும்.)

அடியில் இன்னொரு தாள் இருந்தது. லொரெட்டாவின் கண்ணுக்கு எழுத்துகள் புகையாகத்தான் தெரிந்தன. “நீயே படிடா,” என்றார்.

டுவேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது அன்றைய சட்டம். அதன்படி மஹாலா நீதிபதி முன் நேரில் வந்து, ஆசாவுக்குப் பதிலாகத் தன் சொந்த விருப்பத்தில் தேர்ந்தெடுத்த நபர்—

டுவேன் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கொல்லர் லூதர் ஃபென். கெசையாவின் இரண்டாவது கணவர்.

டுவேன் அதை இன்னொரு முறை படித்தார், இந்தத் தடவை வாய்க்குள்ளேயே.

“யாராச்சும் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்திருப்பாங்க.”

“இருக்கலாம்,” என்றார் லொரெட்டா. “நீ பதினாலு வயசுல யாரு சொன்னதைடா கேட்ட?”

5

முடிவு ஒன்று: டுவேனின் கண்கள் கலங்கின. “அக்கா, என்னை மன்னி—”

இல்லை. டுவேன் அப்படிப்பட்டவர் இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும்தான் இது பிடிக்கும்.

முடிவு இரண்டு: “ஒரு காகிதத்தை வெச்சு எதையும் சொல்ல முடியாது,” என்று டுவேன் எழுந்துவிட்டார். இதையும் அடித்துவிட்டேன். ஒரு காகிதத்தை வைத்துத்தானே கெசையாவைத் தள்ளிவைத்தார்கள்?

நடந்தது இது. திரும்பும்போதும் டுவேன்தான் வண்டி ஓட்டினார். சாண்ட்விச்சில் பாதியை அக்காவிடம் நீட்டினார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், கல் வெட்டுகிறவரின் பட்டறை முன்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். புதுக் கல்லில் அமோஸின் பெயர் முடிந்திருந்தது. அதன் கீழே வெற்றிடம். கல் வெட்டுகிறவர் பென்சிலை எடுத்தார்.

டுவேன் கல்லைப் பார்த்தபடியே கேட்டார்:

“எந்தப் புருஷன் பேரோட போடுறது, அக்கா?”

இரண்டாவது கணவரின் பெயரைச் சுமக்கும் லொரெட்டா அதற்கு ஒரு பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கெசையாவுக்காக ஊரும் உறவும் முடிவெடுத்ததெல்லாம் போதும். நானும் ஒன்று சேர்க்க வேண்டாம். அவளுக்கு எது பிடித்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்து, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். அவள் பெயருக்குப் பின்னால் பென்சில் காத்திருக்கிறது.

கெசையா