கட்டைமேல் உட்கார்ந்த கதை

என் நாத்தனாருக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தது; தூக்கமும் அதோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. சட்டையில் ஒரு பொத்தான் போட்டால் அடுத்த பொத்தானுக்கு முன் அசந்து படுத்துவிடுவாள். படுத்தாலோ கண் மூடாது. அவள் முறைத்த முறைப்பில் கூரையே தேய்ந்துவிட்டது. "கொஞ்ச நேரம் தூங்கினா போதும் அண்ணி, மறுபடி மனுஷியாயிடுவேன்" என்று புலம்புவாள்.

ஆஸ்பத்திரியில் மனக்கவனப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அசதி போகும், தூக்கம் வருமாம். துணைக்கு நானும் போனேன். நான் பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வுபெற்றவள். உட்கார்ந்தால் என்னைக் கிளப்பக் கிரேன் வர வேண்டும்.

மூலையில் உடைந்த சக்கர நாற்காலிகள் குவிந்த அறை, தரையில் பாய்கள், பாய்க்கு ஒரு பெண். எதிரே பயிற்சியாளர். தேனில் ஊறப்போட்டு எடுத்த குரல். அவர் முன்னால் ஒரு வெண்கலக் கிண்ணம், அதைத் தட்ட ஒரு கட்டை.

முதலில் ஆளுக்கு ஒரே ஒரு உலர்திராட்சை. தின்னக் கூடாதாம். பார்க்க வேண்டுமாம், முகர வேண்டுமாம், காதில் வைத்துக் கேட்க வேண்டுமாம்! எங்கள் சிறையில் இப்படிப் பரிமாறியிருந்தால் கலவரத்தில் மதில் இடிந்திருக்கும்.

"திராட்சை என்னம்மா சொல்லுது?" என்றார் என்னிடம்.

"‘என்னை விட்டுடு’ங்குது தம்பி."

"எனக்கு இன்னும் லைனே கிடைக்கல" என்றாள் தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு ஸ்கூல் டீச்சர், திராட்சையை போன் மாதிரி காதில் வைத்தபடி.

பிறகு எல்லோரையும் படுக்கச் சொன்னார். "மூச்சைக் கவனிங்க. எந்த எண்ணம் வந்தாலும் மேகம் மாதிரி போக விடுங்க. ஆனா யாரும் தூங்கிடக் கூடாது."

"தூக்கம் வரணும்னுதானே தம்பி வந்தோம்?" என்றாள் டீச்சர்.

"அது வீட்டுலம்மா. இங்க தூங்கினா பயிற்சி கெட்டுடும்."

அடேங்கப்பா, என்ன ஞானம்! பசித்தவளை உட்கார வைத்துவிட்டு இலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஞானம்.

சற்று நேரத்தில் பக்கத்துப் பாயில் லாரி மேடேறும் சத்தம். என் நாத்தனார்! வாய் பிளந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக அப்படி ஒரு தூக்கம். எத்தனை மாதமாக நான் காத்திருந்த குறட்டை! நெஞ்சு ஒரு குதி குதித்தது.

பயிற்சியாளர் முகம் சுருங்கியது. கிண்ணத்தோடு வந்து அவள் காதருகே குனிந்தார். "மெதுவா எழுப்பிடறேன், விழிப்போட இருக்கணும்ல?" என்று கட்டையை ஓங்கினார்.

கத்தி, பிளேடெல்லாம் பிடுங்கிப் பழகிய கை இது. கட்டையைப் பறித்துப் பாயில் போட்டு மேலே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா... என் கட்டை..."

"அந்த எண்ணத்தை மேகம் மாதிரி போக விடுங்க தம்பி."

அவர் வாயைத் திறந்தார். "உஸ்ஸ்!" என்று அறை முழுக்கப் பெண்கள் உதட்டில் விரல் வைத்தார்கள். மனிதர் ஓசைப்படாமல் போய் உட்கார்ந்து, வெறும் கிண்ணத்தைத் திராட்சையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் பாய் சுருட்டிக் கிளம்பிய பிறகுதான் அவள் விழித்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள். "அண்ணி, நான் தூங்கிட்டேனா?" என்றவளுக்குக் கண் கலங்கியது. அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "உங்க பயிற்சி அபாரம் சார்!" என்றாள்.

அவர் பூரிபோல உப்பினார். "கவனம் வேலை செய்யுதும்மா!"

எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் அவள் சட்டைப் பொத்தான்களைப் படபடவென்று சரிசெய்துகொண்டிருந்தாள், நடுவே ஒரு முறைகூட ஓய்வெடுக்காமல்.

"அடுத்த வாரமும் வரலாமா அண்ணி?"

"வராம? அபாரமாச்சே" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் என்னிடம் கை நீட்டினார். "கட்டை?"

"நானே பத்திரமா கொண்டாறேன் தம்பி" என்று அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.